இரண்டாண்டு உடல்நல அறிவியல் பட்டம்: முடித்தபின் எந்தத் தேர்வு எழுதலாம்?

எடிசன் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் மிடில்செக்ஸ் கவுண்டியில் வசிக்கிறோம். கிரீன் கார்டு வந்துவிட்டது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மருத்துவராகும் எண்ணம் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட்டாள். எக்ஸ்ரே தொழில்நுட்பம் அல்லது செவிலியம் என்கிறாள்.

சமுதாயக் கல்லூரிகளின் (இரண்டாண்டுப் பட்டம் தரும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரிகள்) பாடத்திட்டங்களைப் புரட்டியபோது, உடல்நல அறிவியலில் "அசோசியேட் ஆஃப் சயன்ஸ்" என்னும் இரண்டாண்டுப் பட்டம் பல இடங்களில் கண்ணில் பட்டது. ஏறத்தாழ 60 கிரெடிட் (பாட அலகு) என்கிறார்கள். கட்டணமும் நான்காண்டுக் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. இதைப் படித்து முடித்தால் அவளுக்கு வேலை கிடைக்குமா, உண்மையிலேயே இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடுமா, பின்னாளில் நான்காண்டுப் பட்டத்துக்கு வழி அடைபட்டுப் போகுமா என்பவைதாம் என் கேள்விகள். உறவினர்கள் பலரும் "இரண்டு வருடப் படிப்பா?" என்று முகம் சுளிக்கிறார்கள். துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கதிர்ப்பட அறை எழுதியது:

வணக்கம் அம்மா. நான் சமுதாயக் கல்லூரியில் படித்து, எக்ஸ்ரே தொழில்நுட்பராக வேலைக்குச் சேர்ந்து, இப்போது சி.டி. ஸ்கேன் பிரிவில் இருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன் ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். இது தெரியாமல் நல்ல மாணவர்கள் ஆண்டுக் கணக்கில் காலத்தை இழப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உடல்நலம் என்ற சொல் தலைப்பில் இருக்கும் இரண்டாண்டுப் பட்டங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. ஒரு வகை, பொதுவான உடல்நல அறிவியல் பட்டம். அதில் உடற்கூறியல், உடற்செயலியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், உளவியல், ஆங்கிலக் கட்டுரை ஆகியவை இருக்கும். அது நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுவதற்கோ தொழிற்பிரிவு ஒன்றில் இடம் கேட்பதற்கோ அடித்தளம் போடுகிறது. அதை மட்டும் முடித்தவரை எந்த உரிமத் தேர்வுக்கும் அனுமதிக்க மாட்டார்கள். மற்றொரு வகை, ஒரு தொழிலின் பெயரையே தாங்கிய பட்டம்: கதிர்ப்படவியல் (எக்ஸ்ரே), செவிலியம், பல் சுகாதாரம், சுவாச சிகிச்சை, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், இயன்முறை சிகிச்சை உதவியாளர் போன்றவை. இவற்றில் மருத்துவமனைப் பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கும். முடித்தவுடன் தேர்வெழுதி வேலைக்குப் போகலாம்.

ஆகவே சேர்க்கை அலுவலரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் பட்டம் முடித்தால் என் மகள் எந்தத் தேர்வை எழுதத் தகுதி பெறுவாள்?" என்பதுதான். கதிர்ப்படவியல் என்றால் "ஏஆர்ஆர்டி" என்று வர வேண்டும். செவிலியம் என்றால் "என்கிளெக்ஸ்-ஆர்என்". மருத்துவ ஆய்வகம் என்றால் பெரும்பாலும் "ஏஎஸ்சிபி". அலுவலர் தேர்வின் பெயரைச் சொல்லாமல் "துறையில் நிறைய வாய்ப்புகள் உண்டு" என்று பொதுவாகப் பேசினால், அது முதல் வகைப் பட்டம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் அது மோசமான பட்டம் ஆகிவிடாது. அதற்குப் பிறகு இன்னொரு படி இருக்கிறது என்பதை அறிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து அங்கீகாரம். கல்லூரிக்கு இருக்கும் பொது அங்கீகாரம் வேறு, அந்தத் தொழிற்பிரிவுக்கு இருக்கும் அங்கீகாரம் வேறு. கதிர்ப்படவியலுக்கு "ஜேஆர்சிஇஆர்டி" என்ற அமைப்பு. செவிலியத்தின் இரண்டாண்டுப் பிரிவுக்குப் பெரும்பாலும் "ஏசிஇஎன்". ஜேஆர்சிஇஆர்டி அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பிரிவும் தன் மாணவர்களின் தேர்ச்சி விகிதம், வேலை பெற்றோர் விகிதம், இடையில் நின்றுவிடாமல் படிப்பை முடித்தோர் விகிதம் ஆகியவற்றைப் பொதுவில் வெளியிட்டாக வேண்டும். விளம்பரத் துண்டறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

எங்கள் துறையில் இரண்டாண்டுப் பட்டத்தைக் குறைவாகப் பார்ப்பவர் யாரும் இல்லை. 2015ஆம் ஆண்டு முதல் ஏஆர்ஆர்டி தேர்வுக்குக் குறைந்தபட்சத் தகுதியே அசோசியேட் பட்டம்தான். அதற்கு முன் மருத்துவமனைச் சான்றிதழோடு வந்தவர்களும் எழுதினார்கள்.

இரவுப்பணிச் செவிலியர் எழுதியது:

கதிர்ப்பட அறை சொன்னதோடு செவிலியம் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

அமெரிக்காவில் இரண்டாண்டுச் செவிலியப் பட்டத்துக்கு ஆழமான வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. அப்போது மருத்துவமனைகளே மூன்றாண்டு டிப்ளோமா நடத்திவந்தன. மாணவிகள் படிப்பதைவிட வார்டில் கூலியில்லாத ஆட்களாக உழைத்ததே அதிகம். நியூயார்க்கில் கொலம்பியாவின் டீச்சர்ஸ் கல்லூரியைச் சேர்ந்த மில்ட்ரெட் மாண்டாக், செவிலியக் கல்வியைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து இரண்டே ஆண்டுகளில் முடிக்க முடியும் என்று 1951இல் தம் ஆய்வேட்டில் வாதிட்டார். 1952இல் அது சோதனைத் திட்டமாகத் தொடங்கியது. பாடம் கல்லூரியில், பயிற்சி மருத்துவமனையில், மாணவி மருத்துவமனையின் ஊழியர் அல்லர் என்ற இன்றைய அமைப்பு அங்கிருந்து வளர்ந்ததுதான். முகம் சுளிக்கும் உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இரண்டாண்டுப் பட்டம் பெற்றவரும் நான்காண்டு பிஎஸ்என் (செவிலிய இளநிலைப் பட்டம்) பெற்றவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வு. பெறுவது ஒரே ஆர்என் (பதிவுபெற்ற செவிலியர்) உரிமம். நள்ளிரவில் நோயாளியின் இரத்த அழுத்தம் சரியும்போது இருவருக்கும் பொறுப்பு ஒன்றே. ஆனால் வேலைச் சந்தை இருவரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய மருத்துவமனைகள் பல பிஎஸ்என் பெற்றவர்களுக்கே முன்னுரிமை தருகின்றன. வேறு சில, வேலைக்கு எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் பிஎஸ்என் முடிப்பதாக எழுதி வாங்கிக்கொள்கின்றன. ஆற்றுக்கு அப்பால் நியூயார்க் மாநிலத்தில் 2017 டிசம்பரில் சட்டமே வந்துவிட்டது: புதிதாக உரிமம் பெறுபவர் பத்து ஆண்டுகளுக்குள் செவிலியத்தில் இளநிலைப் பட்டம் பெற வேண்டும். எடிசனில் இருந்துகொண்டு நியூயார்க்கில் வேலை பார்க்க நினைக்கும் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

என் யோசனை: இரண்டாண்டில் ஆர்என் ஆகி, வேலையில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே ஆர்என்-பிஎஸ்என் படிப்பை இணையவழியில் முடிக்கட்டும். பல மருத்துவமனைகள் அதற்குக் கட்டண உதவியும் தருகின்றன.

பிளேன்ஸ்போரோ தந்தை எழுதியது:

மதிப்புக்குரிய நண்பர்களே, நான் மாறுபடுகிறேன். பதினேழு வயதுப் பெண்ணை இப்போதே ஒரே தொழிலுக்குள் அடைத்துவிடுவது சரியா? என் உறவினர் மகன் ஒருவன் இப்படித்தான் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டில் மனம் மாறி, பிசிஷியன் அசிஸ்டென்ட் (மருத்துவருடன் இணைந்து நோயாளிகளைப் பார்த்துச் சிகிச்சை தருபவர்) ஆக வேண்டும் என்றான். மாறிப்போன கல்லூரி அவனுடைய வேதியியல் பாடத்தை ஏற்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து படித்தான். நான்காண்டுக் கல்லூரியில் நேராகச் சேர்ந்திருந்தால் அந்த ஓராண்டு வீணாகியிருக்காது அல்லவா?

கதிர்ப்பட அறை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னது நடக்கிறது. அதன் காரணத்தையும் பார்க்க வேண்டும்.

சமுதாயக் கல்லூரிகளில் வேதியியல் இரண்டு தடங்களில் நடக்கும். ஒன்று, உடல்நலத் தொழில்களுக்கானது. ஒரே பருவத்தில் பொது, கரிம, உயிர் வேதியியல் மூன்றையும் தொட்டுச் செல்வது. மற்றொன்று, அறிவியல் மாணவர்களுக்கானது. பொது வேதியியல் மட்டுமே ஆய்வகத்தோடு இரண்டு பருவங்கள் நடக்கும், அதன் பின் கரிம வேதியியல் தனியாக. முதல் தடம் செவிலியத்துக்குப் பெரும்பாலும் போதும். மருத்துவம், மருந்தியல், பிசிஷியன் அசிஸ்டென்ட் பக்கம் போக நினைப்பவருக்கு இரண்டாம் தடமே வேண்டும். உயிரியலிலும் இதே நிலைதான்: உடற்கூறியல்-உடற்செயலியல் வரிசை ஒன்று, பொது உயிரியல் வரிசை வேறொன்று. பாடத்தின் பெயரில் "வேதியியல்" என்று இருக்கிறது என்பதற்காகப் பதிவு செய்யக் கூடாது. பாட எண்ணைக் கொண்டுபோய், மாற விரும்பும் கல்லூரி அதை எந்தப் பாடத்துக்கு இணையாக ஏற்கிறது என்று சேர்வதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும். நியூ ஜெர்சியில் இதற்கென்றே "என்ஜே டிரான்ஸ்ஃபர்" என்ற பொதுத் தளம் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நியூ ஜெர்சியில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில், சமுதாயக் கல்லூரியில் அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ், அசோசியேட் ஆஃப் சயன்ஸ் பட்டம் பெற்றவர்களின் கிரெடிட்டுகளை மாநிலத்தின் பொதுக் கல்லூரிகள் முழுமையாக ஏற்று, மூன்றாம் ஆண்டு மாணவராகக் கருதும் ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. "அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயன்ஸ்" என்னும் தொழிற்பட்டம் அந்த ஏற்பாட்டுக்குள் வராது. ஆகவே நீங்கள் அஞ்சும் பெண்ணுக்கு, அதாவது இன்னும் முடிவெடுக்காத பெண்ணுக்கு, பொதுவான அசோசியேட் ஆஃப் சயன்ஸ்தான் பாதுகாப்பானது. எக்ஸ்ரேதான் என்று உறுதியாக இருக்கும் பெண்ணுக்குத் தொழிற்பட்டம் பொருந்தும். கிரெடிட்டை ஏற்பது என்றால், செவிலியம் போன்ற போட்டி மிகுந்த பிரிவில் இடமும் தருவார்கள் என்று பொருள் அல்ல. அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு.

இரண்டாம் பருவ மாணவி எழுதியது:

நான் இப்போது முன்தேவைப் பாடங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். "இரண்டு ஆண்டுகள்" என்பது பற்றிச் சொல்ல வேண்டும். செவிலியப் பிரிவோ கதிர்ப்படவியல் பிரிவோ தொடங்கும் நாளிலிருந்துதான் இரண்டு ஆண்டுகள் எண்ணுகிறார்கள். அதற்கு முன் உடற்கூறியல்-உடற்செயலியல் இரண்டு பகுதிகள், நுண்ணுயிரியல், கணிதம், ஆங்கிலம் முதலியவற்றை முடித்து, பல கல்லூரிகளில் "டீஸ்" அல்லது "ஹெசி" என்ற நுழைவுத் தேர்வும் எழுதி, மதிப்பெண் அடிப்படையில் போட்டியிட வேண்டும். என்னோடு படிக்கும் பெரும்பாலோருக்கு இது மொத்தம் மூன்று ஆண்டுகள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு நான்கு. அறிவியல் பாடங்களுக்குக் காலாவதியும் உண்டு: ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்கு முன் படித்ததைப் பல பிரிவுகள் ஏற்பதில்லை.

ஆனால் எல்லாரும் தடுமாறுவது உடற்கூறியலில்தான். செயல்முறைத் தேர்வு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், உங்கள் மகள் மனத்தளவில் தயாராகட்டும். அறையைச் சுற்றி மேசைகள். ஒரு மேசையில் தொடை எலும்பு; அதன் மேல்முனையில் ஒரு புடைப்பில் சிறிய சிவப்பு ஒட்டுத்தாள். அடுத்ததில் அறுத்துத் திறந்த ஆட்டின் இதயம். வால்வு ஒன்றில் குண்டூசி. அதற்கடுத்து நுண்ணோக்கி, உள்ளே திசுவின் ஒரு துண்டு, அது எந்தத் திசு, உடலில் எங்கே இருக்கும் என்று கேள்வி. மணி அடித்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் அடுத்த மேசைக்கு நகர வேண்டும்; திரும்பி வர முடியாது. வாய்ப்புகள் தந்து தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை. இலத்தீன் பெயரை எழுத வேண்டும், எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் குறையும். "கிரேட்டர் ட்ரோகான்டர்" என்று வாயால் சொல்லத் தெரிந்தவர்கள் பலர் தாளில் எழுதத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். கல்லூரி ஆய்வகம் திறந்திருக்கும் நேரங்களில் நேரில் போய் எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. படத்தில் பார்த்தது தேர்வில் தலைகீழாக இருக்கும்.

நுண்ணுயிரியல் பட்டதாரி எழுதியது:

இழையின் ஊடே என் கேள்வியையும் வைப்பதற்கு மன்னிக்கவும். நான் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் மூன்றாண்டு படித்தவள். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசா) டெக்சாசில் இருக்கிறேன். வேலை அனுமதி அட்டை இன்னும் இல்லை. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் அசோசியேட் பட்டம் படிக்கலாமா?

இரவுப்பணிச் செவிலியர் எழுதியது:

தங்கையே, இது இந்த இழைக்குரிய கேள்விதான். எச்-4 விசாவில் முழுநேரமாகவே படிக்கலாம். அதற்காக மாணவர் விசாவுக்கு மாற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் கூட்டாட்சி அரசின் கல்வி உதவித்தொகை கிடைக்காது.

சிக்கல் வேறு இரண்டு இடங்களில் வரும். முதலாவது, மருத்துவமனைப் பயிற்சி. மாணவர் உள்ளே நுழைவதற்கு முன் தடுப்பூசிச் சான்றுகள், காசநோய்ப் பரிசோதனை, போதைப்பொருள் பரிசோதனை, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் கேட்பார்கள். சில இடங்களில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கேட்பார்கள். வேலை அனுமதி இல்லாத எச்-4 துணைவருக்குப் பொதுவாக அந்த எண் கிடைக்காது. பணம் கட்டிச் சேர்வதற்கு முன்பே, அந்த எண் இல்லாத மாணவரை உங்கள் பயிற்சி மருத்துவமனைகள் ஏற்குமா என்று பிரிவுத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, முடித்த பின் வேலை. 2015ஆம் ஆண்டு விதிப்படி, எச்-1பி துணைவரின் ஐ-140 மனு (கிரீன் கார்டுக்கான குடியேற்ற மனு) ஏற்கப்பட்டிருந்தால் நீங்கள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துப் படிப்பைத் தொடங்கும் காலத்தைத் தீர்மானியுங்கள்.

உங்கள் பி.எஸ்சி. பட்டத்தை முதலில் மதிப்பீடு செய்யுங்கள். இந்திய மூன்றாண்டுப் பட்டத்தைச் சில நிறுவனங்கள் இங்குள்ள இளநிலைப் பட்டத்துக்கு இணையாகக் கொள்கின்றன. சில, மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பாக மட்டும் கொள்கின்றன. இணையாக ஏற்றுவிட்டால், இரண்டாண்டு ஆய்வகப் பட்டத்துக்குப் பதிலாக, "நாக்லஸ்" என்ற ஆய்வகப் படிப்புகளுக்கான அமைப்பின் அங்கீகாரம் பெற்ற, பட்டதாரிகளுக்கான ஆய்வக அறிவியலர் பயிற்சிக்கே விண்ணப்பிக்கலாம். சம்பளமும் பொறுப்பும் ஒரு படி மேல். ஏற்காவிட்டாலும் பொதுப் பாடங்களில் பல கழியும். ஹூஸ்டனில் இருந்தால், ஹூஸ்டன் சமுதாயக் கல்லூரியின் கோல்மன் வளாகம் டெக்சாஸ் மெடிக்கல் சென்டருக்குள்ளேயே இருக்கிறது. உடல்நலத் தொழில்களுக்கென்றே உள்ள வளாகம். நேரில் போய்க் கேட்பது நல்லது.

எடிசன் வாசகி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன கேள்வியோடு ஒரு கல்லூரியின் ஆலோசகரைச் சந்தித்தோம். பொது உடல்நல அறிவியல் பட்டத்துக்கு உரிமத் தேர்வு எதுவும் இல்லை என்பதை, நேராகக் கேட்ட பிறகுதான் சொன்னார். மகள் கதிர்ப்படவியல் பக்கம் சாய்கிறாள். அந்தப் படிப்பில் உண்மையில் என்ன கற்றுத்தருகிறார்கள்? பொத்தானை அழுத்துவதற்கு இரண்டு ஆண்டுகள் எதற்கு என்று அவளுடைய தாத்தா கேட்கிறார்.

கதிர்ப்பட அறை எழுதியது:

தாத்தா கேட்பதற்கு ஒரே ஒரு படத்தை வைத்து விடை சொல்கிறேன்: நெஞ்சுப் படம். நாங்கள் அதிகம் எடுப்பதும் அதுதான்.

நோயாளி, படம் பதியும் தகட்டை நோக்கி நிற்க வேண்டும். கதிர் முதுகிலிருந்து நுழைய வேண்டும். அப்போதுதான் இதயம் தகட்டுக்கு அருகில் இருந்து, உள்ள அளவைவிடப் பெரிதாகத் தெரியாமல் இருக்கும். எக்ஸ்ரே குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே 72 அங்குலம். அதுவும் இதே காரணத்துக்காக. மோவாயை உயர்த்தச் சொல்கிறோம், இல்லையென்றால் நுரையீரலின் உச்சியை மறைக்கும். கைகளை இடுப்பில் வைத்துத் தோள்களை முன்னால் உருட்டச் சொல்கிறோம், இல்லையென்றால் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மீது விழும். மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொல்லி, இரண்டாம் முறை ஆழமாக இழுக்கும்போது நிறுத்தச் சொல்கிறோம். இரண்டாம் மூச்சில்தான் உதரவிதானம் நன்றாக இறங்கும். படம் வந்ததும் விலா எலும்புகளை எண்ணுகிறோம்: பின்பக்க விலாக்கள் பத்து தெரிந்தால் மூச்சு போதுமானது. காறை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பிலிருந்து ஒரே தொலைவில் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். இல்லையென்றால் நோயாளி திரும்பி நின்றிருக்கிறார், இதயத்தின் நிழல் பொய் சொல்லும். இத்தனையையும், இருமிக்கொண்டு நிற்க முடியாமல் தவிக்கும் எண்பது வயதுக்காரரிடம், அவர் மொழி தெரியாவிட்டாலும், மறுபடியும் கதிர் பாய்ச்ச வேண்டிய நிலை வராதபடி செய்ய வேண்டும். தலை முதல் கால் வரை ஒவ்வொரு எலும்புக்கும் இப்படி ஒரு முறை இருக்கிறது. அதோடு கதிர்வீச்சு இயற்பியலும் பாதுகாப்பும் சேர்ந்தால் இரண்டு ஆண்டுகள் குறைவாகவே தோன்றும். கோடை விடுமுறையும் பல பிரிவுகளில் கிடையாது.

மகளிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். பல பிரிவுகள் பயிற்சி தொடங்கும்போது பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. பிறந்தநாளைக் கணக்கிட்டு விண்ணப்பியுங்கள். ஏஆர்ஆர்டி தேர்வை மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று முறைதான் எழுதலாம். படிப்பு முடிந்த சூட்டோடு எழுதிவிடுவது நல்லது. அதன் பின் சி.டி., எம்.ஆர்.ஐ., மார்பகப் படம் என்று கூடுதல் சான்றிதழ்களை வேலையில் இருந்துகொண்டே பெறலாம். நானும் அப்படித்தான் சி.டி.க்கு வந்தேன்.

பிளேன்ஸ்போரோ தந்தை எழுதியது:

வேதியியல் பற்றிய விளக்கம் எனக்குத் தெளிவாக இருந்தது, நன்றி. கட்டணம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மகள் பள்ளியில் முதல் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் "என்ஜே ஸ்டார்ஸ்" திட்டத்தில் கவுண்டிக் கல்லூரியின் (அதாவது சமுதாயக் கல்லூரியின்) கற்பிப்புக் கட்டணத்தை மாநிலமே ஏற்கும். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கும் உண்டு. பள்ளி ஆலோசகரிடம் இப்போதே தரவரிசையைக் கேட்டுப் பாருங்கள்.

எடிசன் வாசகி எழுதியது:

கேட்கிறேன் ஐயா. ஜேஆர்சிஇஆர்டி தளத்தில், நாங்கள் வண்டியில் போய்வரக்கூடிய தொலைவில் உள்ள பிரிவுகளின் தேர்ச்சி விகிதங்களையும் முடித்தோர் விகிதங்களையும் மகளே இப்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த பின், முன்தேவைப் பாடங்களின் எண்களோடு மறுபடி வருகிறேன். எந்தப் பருவத்தில் எதைப் பதிவு செய்வது என்று அப்போது நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.